காலில் முள் குத்தினால் முதலில் யாருக்குத் தெரியும்?

பிள்ளைகளே, பெரியநீலாவணைக் கடற்கரையில் வெறுங்காலோடு ஓடி விளையாடாதவர் உங்களில் யாரும் இருக்கமாட்டீர்கள். பந்து உருண்டு மணல்மேட்டுப் பக்கம் போகிறது. நீங்களும் பின்னாலேயே ஓடுகிறீர்கள். அங்கே இராவணன் மீசைப் புல் படர்ந்து கிடக்கிறது. அதன் கூர்நுனி உள்ளங்காலில் ஏறியதும் கால் சட்டென்று மேலே வந்துவிடுகிறது. கால் எழும்பிய பிறகுதான் வலி தெரிகிறது. வலி தெரிந்த பிறகுதான் "உம்மா, முள்ளுக் குத்திட்டு!" என்று வாய் கத்துகிறது.

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். வலி தெரிவதற்கு முன்னமே கால் எழும்பிவிட்டது. அப்படியென்றால் "காலைத் தூக்கு" என்று கட்டளை போட்டது யார்? நீங்கள் போடவில்லை. உங்களுக்குத்தான் அப்போது விஷயமே தெரியாதே! இதற்கு விடை தேடிப் போனால் மூளை, முண்ணாண், நரம்பு எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். வாருங்கள், போவோம்.

மூளையும் முண்ணாணும்

வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோ நிறை இருக்கும். உடல் நிறையில் அது 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அந்தச் சின்ன உறுப்பே எடுத்துக்கொள்கிறது. நாம் தூங்கினாலும் அது தூங்குவதில்லை.

மேலே மடிப்பு மடிப்பாகத் தெரியும் பெரிய பகுதி மூளையம். நினைப்பது, பேசுவது, பார்ப்பது, கணக்குப் போடுவது எல்லாம் அங்கே நடக்கின்றன. பின்புறம் கீழே இருக்கும் சிறிய பகுதி மூளி. சைக்கிளில் விழாமல் போவதும், வருகிற பந்தைச் சரியாகப் பிடிப்பதும் மூளியின் உதவியால்தான். அதற்கு முன்னால், கழுத்தை நோக்கி இறங்கும் பகுதி நீள்வளைய மையவிழையம். மூச்சையும் இதயத் துடிப்பையும் அது கவனித்துக்கொள்கிறது. "மூச்சு விடு" என்று நீங்கள் ஒவ்வொரு தடவையும் சொல்லவேண்டியதில்லை அல்லவா? அதற்கு இதுதான் காரணம்.

அங்கிருந்து முதுகெலும்புக்குள் இறங்குவது முண்ணாண். உங்கள் சுண்டுவிரல் தடிப்பு இருக்கும். வளர்ந்தவரில் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளம். முதுகெலும்பு இடுப்புக்குக் கீழேயும் போகிறது. முண்ணாணோ இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடுகிறது. இதிலிருந்து 31 சோடி நரம்புகள் இரண்டு பக்கமும் பிரிந்து கைக்கும் காலுக்கும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போகின்றன. முகம், கண், காது, நாக்கு ஆகியவற்றுக்கு மூளையிலிருந்தே நேராக 12 சோடி நரம்புகள் போகின்றன.

இவை எல்லாம் நரம்புக்கலங்களால் ஆனவை. மனித மூளையில் எத்தனை நரம்புக்கலங்கள்? 2009 இல் பிரேசில் நாட்டு விஞ்ஞானி சுசானா எர்குலானோ-ஹூசெலும் அவருடன் சேர்ந்தவர்களும் அதை எண்ணிச் சொன்னார்கள். எப்படி எண்ணினார்கள் தெரியுமா? இறந்தவர்களின் மூளையை எடுத்து, கலங்களின் கருக்கள் மட்டும் உடையாதபடி கரைத்துக் கூழாக்கினார்கள். நன்றாகக் கலக்கி, ஒரு துளியை எடுத்து, அதிலுள்ள கருக்களை நுணுக்குக்காட்டியில் எண்ணினார்கள். ஒரு துளியில் இத்தனை என்றால் முழுவதிலும் எத்தனை என்று பெருக்கினார்கள். விடை ஏறத்தாழ 8,600 கோடி. ஆச்சரியம் என்னவென்றால், அதில் ஐந்தில் நான்கு பங்கு அந்தச் சின்ன மூளிக்குள்தான் இருக்கிறது!

ஒரு நரம்புக்கலத்துக்கு ஓர் உடல் உண்டு. செய்தியை வாங்கக் கிளைகள் உண்டு. செய்தியை அனுப்ப ஒரு நீண்ட இழை உண்டு. அந்த இழைக்கு அக்சன் என்று பெயர். மற்றக் கலங்களைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும், அவ்வளவு சிறியவை. ஆனால் உங்கள் காலின் பெருவிரலில் தொடுகையை உணரும் நரம்புக்கலத்தின் இழை இருக்கிறதே, அது விரலில் தொடங்கிக் கால் முழுவதும் ஏறி, முண்ணாணுக்குள் புகுந்து, முதுகு வழியாகப் போய், கழுத்துக்கு மேலே நீள்வளைய மையவிழையத்தில்தான் முடிகிறது. இடையில் எங்கும் அறுபடவில்லை. ஒரே கலம்! உயரமான பெரியவர்களில் அது ஒரு மீற்றரைத் தாண்டிவிடும். தடிப்போ தலைமயிரைவிடக் குறைவு.

கைகோத்து ஒரு சோதனை

செய்தி இந்த இழையில் எப்படிப் போகிறது? நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டுச் செய்து பாருங்கள். 20 பேர் கைகோத்து வரிசையாக நில்லுங்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முதலாமவர் பக்கத்தவரின் கையை அமுக்க வேண்டும். அமுக்கியதை உணர்ந்ததும் அவர் அடுத்தவரின் கையை அமுக்க வேண்டும். கடைசி ஆள் "வந்திட்டு!" என்று கத்தும்வரை டீச்சர் நேரம் பார்க்கட்டும்.

இந்த விளையாட்டில் ஒருவரும் இடம் மாறவில்லை. அமுக்கல்தான் வரிசை வழியே ஓடியது. நரம்பிலும் இதுதான் நடக்கிறது. இழையின் ஒரு சிறு துண்டு விழித்துக்கொள்கிறது. அது பக்கத்துத் துண்டை எழுப்பிவிட்டுத் தான் ஓய்ந்துவிடுகிறது. பக்கத்துத் துண்டு அதற்கடுத்ததை எழுப்புகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். ஓர் இழையில் ஓடும் துடிப்பு எப்போதும் ஒரே அளவுதான். மெல்லத் தொட்டால் சின்னத் துடிப்பு, பலமாகக் குத்தினால் பெரிய துடிப்பு என்று கிடையாது. மெல்லத் தொட்டால் ஒரு வினாடியில் சில துடிப்புகள் போகும். பலமாக அழுத்தினால் அதே அளவுள்ள துடிப்புகள் அடுத்தடுத்து நிறையப் போகும். எத்தனை வருகின்றன என்பதை வைத்தே மூளை பலத்தை அறிகிறது.

இதன் வேகத்தை யாராலும் அளக்க முடியாது என்று ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களே நினைத்தார்கள். 1850 இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை அளந்துவிட்டார். தவளையின் கால் நரம்பைத் தசைக்குப் பக்கத்தில் ஒரு முறை தூண்டினார். தசைக்குத் தூரத்தில் இன்னொரு முறை தூண்டினார். தூரத்தில் தூண்டியபோது தசை கொஞ்சம் தாமதமாக இழுத்துக்கொண்டது. அந்தத் தாமதத்தையும் தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டார். வினாடிக்கு ஏறத்தாழ 30 மீற்றர் என்று வந்தது.

நீங்களும் அவருடைய வழியில் போகலாம். முதலில் ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரின் கணுக்காலைப் பிடித்து அமுக்கும்படி விளையாட்டைச் செய்யுங்கள். பிறகு தோளை அமுக்கிச் செய்யுங்கள். இரண்டையும் பல தடவை செய்து சராசரி எடுத்தால், கணுக்கால் முறைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிப்பது தெரியும். ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கணவாய் சொல்லித் தந்த பாடம்

அந்த இழைக்குள் என்னதான் நடக்கிறது? இதைச் சொல்லித் தந்தது நம் கடலிலும் இருக்கும் கணவாய். கணவாய் இனத்தில் ஓடில்லாத, நீண்ட உடல் கொண்ட வகை ஒன்று இருக்கிறது அல்லவா? எதிரியைக் கண்டால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்பக்கமாகப் பாய்ந்து ஓடும். அப்படிப் பாய, உடல் முழுவதும் ஒரே நேரத்தில் இறுக வேண்டும். அதற்காக அதற்கு மிகத் தடித்த நரம்பு இழை ஒன்று இருக்கிறது. சிலவற்றில் அது 1 மில்லிமீற்றர் தடிப்பு வரை வரும். வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

இங்கிலாந்தைச் சேர்ந்த அலன் ஹொட்ஜ்கின், அன்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இருவர் 1939 இல் அந்த இழைக்குள் மெல்லிய மின்வாயைச் செலுத்தி மின்னழுத்தத்தை அளந்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததால் வேலை நின்றது. போர் முடிந்ததும் திரும்பத் தொடங்கி, 1952 இல் முழு விளக்கத்தையும் வெளியிட்டார்கள். 1963 இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் கண்டது இதுதான். இழையின் வெளியே சோடியம் கூடுதலாக இருக்கிறது. உள்ளே பொற்றாசியம் கூடுதலாக இருக்கிறது. சோடியம் வேறொன்றுமில்லை, நாம் கறிக்குப் போடும் உப்பில் இருப்பதுதான். ஓய்வாக இருக்கும்போது இழையின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற் குறைவாக இருக்கும். செய்தி வந்ததும் அந்த இடத்தில் சோடியத்துக்கான மிகச் சிறிய வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. மின்னழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அந்த ஏற்றம் பக்கத்து வாயில்களைத் திறக்கச் செய்கிறது. பிறகு பொற்றாசியம் வெளியேறி, அந்த இடம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஓர் இடத்தில் இவ்வளவும் நடந்து முடிய ஆயிரத்தில் ஒன்றிரண்டு வினாடி போதும். உப்பு உள்ளே போவதும் வெளியே வருவதுமாகத்தான் நாம் நினைப்பதும் நடப்பதும் சிரிப்பதும் நடக்கின்றன.

இழை முடியும் இடத்தில் அடுத்த கலம் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவில் மிக நுண்ணிய இடைவெளி இருக்கும். அதற்கு நரம்பிணைப்பு என்று பெயர். அங்கே மின்துடிப்பு நின்றுவிடுகிறது. அதற்குப் பதிலாக இழையின் முனை ஓர் இரசாயனப் பொருளை வெளிவிடுகிறது. அது இடைவெளியைக் கடந்து அடுத்த கலத்தைத் தூண்டுகிறது. அடுத்தது தசையாக இருந்தால், தசை சுருங்குகிறது.

கட்டளை போட்டது முண்ணாண்தான்

இனி முள் குத்திய காலுக்கு வருவோம். செய்தி உள்ளங்காலிலிருந்து புலன் நரம்புக்கலம் வழியாக முண்ணாணுக்கு வருகிறது. மூளைக்குப் போய்க் கேட்டு வர முண்ணாண் காத்திருப்பதில்லை. அங்கேயே இடைத்தூது நரம்புக்கலங்கள் செய்தியை வாங்கி, இயக்க நரம்புக்கலத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. அது தொடைத் தசைக்குப் போய்க் காலை மடக்குகிறது. இதைத்தான் தெறிவினை என்று புத்தகத்தில் படிக்கிறோம். ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதில் இன்னோர் அழகும் இருக்கிறது. ஒரு காலை மடக்கும் அதே வேளையில் மற்றக் காலை விறைப்பாக நிறுத்து என்றும் முண்ணாண் கட்டளை அனுப்புகிறது. அப்படி அனுப்பாவிட்டால், முள் குத்திய ஒவ்வொரு தடவையும் தொப்பென்று விழவேண்டியதுதான்.

இதற்கிடையில் செய்தியின் இன்னொரு பகுதி மேலே மூளைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. எல்லா இழைகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தொடுகையைக் கொண்டுபோகும் தடித்த இழைகளைச் சுற்றிக் கொழுப்பு உறை இருக்கும். அவை வினாடிக்கு 50 மீற்றர் அளவில் ஓடும். சுரீர் என்ற வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை; 20 மீற்றர் அளவில் ஓடும். விண்விண்ணென்று பிறகு வரும் வலியைக் கொண்டுபோகும் இழைகளுக்கு உறையே இல்லை. வினாடிக்கு ஏறத்தாழ 1 மீற்றர்தான். அடுத்த முறை கால் பெருவிரல் கல்லில் இடிபட்டால் கவனித்துப் பாருங்கள். முதலில் இடித்தது தெரியும். உடனே சுரீர் என்று ஒரு வலி. அதற்கு ஒரு வினாடி கழித்து, "ஐயோ" என்று உட்காரவைக்கும் அந்த மெதுவான வலி வந்து சேரும். மூன்றும் ஒன்றாகப் புறப்பட்டவைதான்.

அப்படியென்றால் மூளைக்கு இதில் அதிகாரமே இல்லையா? இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஊசி போடும் நாளில் கையை இழுக்காமல் நீட்டிக்கொண்டு நிற்கிறீர்களே, அது எப்படி? கையை இழு என்று முண்ணாண் துடிக்கும். வேண்டாம் என்று மூளை மேலிருந்து தடுக்கும். தைரியம் என்று நாம் சொல்வதில் இப்படி ஒரு நரம்பு வேலையும் இருக்கிறது.

மூளை யோசித்துச் செய்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையும் அளந்துவிடலாம். 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தைத் தோழர் ஒருவர் செங்குத்தாகப் பிடிக்கட்டும். கீழே பூச்சியத்துக்கு நேரே உங்கள் விரல்களைத் திறந்து வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விடவேண்டும், நீங்கள் பிடிக்கவேண்டும். 10 சென்ரிமீற்றரில் பிடித்தால் உங்கள் நேரம் 0.14 வினாடி. 20 இல் பிடித்தால் 0.20 வினாடி. 30 இல் பிடித்தால் 0.25 வினாடி. கண்ணிலிருந்து மூளைக்கும், மூளையிலிருந்து கைக்கும் செய்தி ஓட இதில் சிறு பங்குதான் வேண்டும். மிச்ச நேரத்தில் பெரும்பகுதி மூளைக்குள் பார்ப்பதற்கும் முடிவு எடுப்பதற்கும் போகிறது. நித்திரை குறைந்த நாளில் இதே சோதனையைச் செய்து, வித்தியாசம் வருகிறதா என்று பாருங்கள்.

செய்தி நின்றுபோனால்

இவ்வளவு ஒழுங்காகப் போகும் செய்தி நடுவழியில் நின்றால் என்ன ஆகும்? நம் ஊரிலேயே நாலு விதமாக இது நடக்கிறது.

முதலாவது, சீனி வருத்தம். இரத்தத்தில் சீனி பல வருடம் கூடுதலாக இருந்தால் நரம்பு இழைகளின் நுனிகள் பழுதாகும். மிக நீண்ட இழைகள் எவை? பாதத்துக்குப் போகிறவை. ஆகவே பாதம்தான் முதலில் மரத்துப்போகும். உங்கள் மூத்தம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ சீனி வருத்தம் இருந்தால், முள் ஏறியதுகூட அவருக்குத் தெரியாமல் போகலாம். அந்தப் புண் பெரிதாகி, காலையே எடுக்கும் நிலைக்கும் போகலாம். இரவில் அவருடைய பாதத்தை வெளிச்சத்தில் பார்த்து, "மூத்தம்மா, இஞ்ச ஒரு காயம் இருக்கு" என்று சொல்லும் பிள்ளை பெரிய உதவி செய்கிறது.

இரண்டாவது, பேத்தை மீன். கரைவலை இழுத்ததும், வயிற்றை உப்பிக்கொண்டு மணலில் கிடக்குமே, அதுதான். பேத்தை வகைகள் பலவற்றின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் ஒரு நஞ்சு இருக்கிறது. அது சோடியம் வாயில்களை அடைத்துவிடும். வாயில் திறக்காவிட்டால் துடிப்பு ஓடாது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பிறகு கைகால் சோரும். கடைசியில் மூச்சுவிடும் தசைகளும் நின்றுபோகலாம். எவ்வளவு நேரம் அவித்தாலும் பொரித்தாலும் இந்த நஞ்சு போகாது. மாற்று மருந்தும் கிடையாது. தானாகக் குறையும்வரை இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்துத்தான் வைத்தியர்கள் காப்பாற்றுகிறார்கள். அதனால் பேத்தையைச் சமைத்துப் பார்க்க யாரும் ஆசைப்படக்கூடாது.

மூன்றாவது, கட்டுவிரியன். எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். இரவில் வயல் வாடியில் நிலத்தில் பாயை விரித்துத் தூங்குபவர்களைத்தான் இது அதிகம் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. பல் பட்ட அடையாளமே தெரியாமலும் போகலாம். ஆனால் அதன் நஞ்சு, நரம்பு முடிந்து தசை தொடங்கும் அந்த இணைப்பைத் தாக்கி, இழையின் முனையையே சிதைக்கும். விடியற்காலையில் வயிற்று வலி வரும். கண் இமை தூக்க முடியாமல் தொங்கும். அதற்குப் பிறகு விழுங்க முடியாது. மூச்சும் அடங்கத் தொடங்கும். இமை தொங்குவதைக் கண்டதும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. நேரத்தோடு போனால் மருந்தும் சுவாச இயந்திரமும் உயிரைக் காக்கும். சிதைந்த நரம்பு முனைகள் நாட்கள் போகப் போகத் திரும்பவும் வளரும், இமை திறக்கும். தூங்கும்போது நுளம்பு வலையைப் பாயின் கீழே நன்றாகச் செருகிவிட்டால், நுளம்பும் வராது, விரியனும் வராது.

இதில் நெஞ்சைத் தொடும் ஒரு விஷயம் இருக்கிறது. அப்படி அசையாமல் கிடப்பவரின் மூளை பெரும்பாலும் விழிப்பாகவே இருக்கும். கண் திறக்க முடியாது, விரலை அசைக்க முடியாது. ஆனால் பக்கத்தில் பேசுவது கேட்கும். "இவர் இனித் தப்பமாட்டார்" என்று யாராவது சொன்னால் அதுவும் கேட்கும்.

நாலாவது, முண்ணாண் அடிபடுவது. தென்னையில் ஏறி விழுந்தவர்கள், மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவர்கள் பலருக்கு இது நேர்கிறது. கைகாலில் அறுந்த நரம்பு மெல்ல மெல்ல வளரக்கூடும். முண்ணாணுக்குள் அறுந்த இழைகள் அப்படி வளர்வதில்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள உறுப்புகளுக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடுகிறது. எனவே உயரத்திலிருந்து விழுந்தவரைக் கண்டால், பாசத்தில் ஓடிப்போய்த் தூக்கி உட்காரவைக்காதீர்கள். கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் அப்படியே கிடக்கவிட்டு, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரச் சொல்லுங்கள். தவறாகத் தூக்கினால், பாதி அடிபட்ட முண்ணாண் முழுதாக அறுந்துபோகலாம்.

மூளைக்குள் ஓர் உடல்

செய்தி மூளைக்குப் போனதும், "இது வலக்கால் சுண்டுவிரல்", "இது இடக்கன்னம்" என்று மூளை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு சோதனை செய்வோம். தென்னோலை ஈர்க்கில் இரண்டு எடுத்து நுனியை மழுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நுனிக்கும் இடையே 1 சென்ரிமீற்றர் இருக்கும்படி பிடித்து, கண்ணை மூடியிருக்கும் தோழரின் விரல்நுனியில் மெல்ல வையுங்கள். "ரெண்டு" என்பார். அதே ஈர்க்கில்களை முதுகில் வையுங்கள். "ஒண்டுதான்" என்பார்! விரல்நுனியில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் இடைவெளியையே நம்மால் பிரித்தறிய முடியும். முதுகில் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் வேண்டும்.

காரணம், விரல்நுனியில் புலன் இழைகள் நெருக்கமாக இருக்கின்றன. மூளையத்திலும் விரல்களுக்குப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதைக் கண்டறிந்தார். வலிப்பு நோயாளிகளுக்கு மூளையில் சத்திரசிகிச்சை செய்யும்போது அவர்களை விழித்திருக்கச் செய்தார். மூளைக்கு வலி தெரியாது. அதனால் அது முடிந்தது. மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்ததும் நோயாளி, "என் கட்டைவிரலைத் தொடுகிறீர்கள்" என்றார். விரலை யாருமே தொடவில்லை! இடம் இடமாகத் தூண்டி, முழு உடலும் மூளையில் எங்கெங்கே பதிந்திருக்கிறது என்று 1937 இல் அவர் வரைந்து காட்டினார். உதடும் கையும் பெரிதாக இருந்தன. முதுகு மிகச் சிறிதாக இருந்தது. கைக்குப் பக்கத்திலேயே முகம் இருந்தது.

அந்தப் பதிவு அப்படியே நிலைத்து நிற்பதுமில்லை. 1995 இல் ஜேர்மனி ஆராய்ச்சியாளர்கள் வயலின் போன்ற தந்திக் கருவிகள் வாசிப்பவர்களைச் சோதித்தபோது, தந்திகளை அழுத்தும் இடக்கை விரல்களுக்கு அவர்களுடைய மூளையில் மற்றவர்களைவிடப் பெரிய இடம் இருந்தது. சிறுவயதிலேயே பழகத் தொடங்கியவர்களிடம் அது இன்னும் கூடுதல். நீங்கள் எதைத் திரும்பத் திரும்பப் பழகுகிறீர்களோ, அதற்கு மூளை இடம் ஒதுக்கித் தருகிறது.

இல்லாத கையின் வலி

போரிலும் கண்ணிவெடியிலும் காலையோ கையையோ இழந்தவர்கள் நம் நாட்டில் பலர் இருக்கிறார்கள். 1968 இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவான ஜெய்ப்பூர் கால் எத்தனையோ பேரை எழுந்து நடக்கவைத்தது. ஆனால் காலை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒன்று சொல்வார்கள்: "இல்லாத கால் இன்னும் இருப்பதுபோலவே இருக்கிறது." சிலர், "இல்லாத விரல் மடங்கிப்போய்த் தாங்க முடியாமல் வலிக்கிறது" என்பார்கள். முன்பெல்லாம் இதைக் கேட்டவர்கள், மனம் பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

இதைத் தெளிவாக்கியவர்களில் முக்கியமானவர் 1951 இல் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் சான் டியேகோவில் பேராசிரியரானவர். கையை இழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் அவருடைய கன்னத்தைத் தொட்டார். "கன்னத்தைத் தொடுகிறீர்கள். இல்லாத என் கட்டைவிரலையும் தொடுகிறீர்கள்" என்றார் அவர்! முகத்துக்குப் பக்கத்தில்தான் கை பதிந்திருக்கிறது என்று பார்த்தோம் அல்லவா? கையிலிருந்து செய்தி வராமல் போனதும், முகத்தின் செய்திகள் அந்த வெற்றிடத்துக்குள்ளும் நுழைந்துவிட்டன என்று இராமச்சந்திரன் விளக்கினார். கை போய்விட்டது, மூளைக்குள் கையின் இடம் போகவில்லை.

பிறகு ஒரு பெட்டிக்குள் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தினார். நல்ல கையை அதன் முன்னே வைத்தால், கண்ணாடியில் தெரியும் உருவம் இழந்த கை இருந்த இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்துக் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். மடங்கிக் கிடந்த இல்லாத கை விரிவதாகச் சிலர் உணர்ந்தார்கள், வலியும் தணிந்தது. 1996 இல் இது வெளியானது. எல்லாருக்கும் பலிக்காவிட்டாலும், உலகமெங்கும் பல வைத்தியசாலைகளில் இன்றும் இந்த முறை கையாளப்படுகிறது.

ஆக, முள் காலில்தான் குத்துகிறது. வலி உண்டாவதோ தலைக்குள். கால் இருந்தாலும் அங்கேதான், இல்லாவிட்டாலும் அங்கேதான். இல்லாத காலில் வலி என்று ஒருவர் சொன்னால் அது பொய்யோ பைத்தியமோ அல்ல. உங்கள் காலில் முள் குத்திய வலி எவ்வளவு உண்மையோ, அதுவும் அவ்வளவு உண்மை. ஆகவே அவரைக் கேலி செய்யாதீர்கள். யாராவது கேலி செய்தால், ஏன் என்று விளக்கிச் சொல்லுங்கள். அசையாமல் படுத்திருக்கும் நோயாளியைப் பார்க்கப் போனால், அவருக்கு எல்லாம் கேட்கிறது என்றே எண்ணிக்கொண்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நல்ல வார்த்தை பேசுங்கள். நரம்பைப் பற்றிப் படித்த பிள்ளை அடுத்தவரின் வலியை நம்பவேண்டும். படிப்பின் பயன் அதுதான்.